வெறும் பட்டியல் திரும்பி வந்தால் என்ன பொருள்? மருந்துத் தகவல் சப்ளையரைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

போன வாரம் எங்கள் மின்-மருந்துச்சீட்டு மென்பொருளில் புதிய மருந்துத் தரவுத்தளம் ஓடத் தொடங்கிவிட்டது. சப்ளையரைத் தேட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு மாதத்தில் முடியும் என்று திட்டத்தாளில் எழுதி வைத்திருந்தோம். நடுவில் ஒருமுறை, எடுக்கக்கூடாத ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போடும் அளவுக்குப் போய்விட்டு நின்றோம். எதில் நேரம் போனது, எந்தச் சோதனை உண்மையில் உதவியது என்பதை ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குக் கொஞ்சமாவது ஆகும்.

குழுவில் நான்கு பேர். நிரல் எழுத நானும் இன்னொருவரும். ஒரு டாக்டர். அப்புறம், இருபது வருஷத்துக்கு மேல் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த ஒரு மருந்தாளுநர். அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பதிவில் உருப்படியாக இருப்பதில் பாதிக்கு மேல் அவர் கண்டுபிடித்தது.

முதல் மாதம் செய்த வேலை ஓர் ஒப்பீட்டுத் தாள். மூன்று சப்ளையர்களின் விவரத்தையும் வாங்கி, யாரிடம் எத்தனை மருந்துப் பெயர், எத்தனை இடைவினை (ஒரு மருந்து இன்னொன்றோடு சேரும்போது வரும் விளைவு), எத்தனை மொழி என்று கட்டம் போட்டு நிரப்பினோம். பெரிய எண் உள்ளவர் முன்னால் வந்தார். அந்தத் தாளை அக்காவிடம் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, "தம்பி, இதுல எது தப்பா சொல்லும்னு எங்க இருக்கு?" என்று கேட்டார். பதில் இல்லை. அந்தத் தாளுக்குப் போன எட்டு நாளும் வீண்தான். இடைவினை எண்ணிக்கை அதிகம் என்றால் தேவையில்லாத எச்சரிக்கையும் அதிகம் என்றுகூடப் பொருள் வரலாம்.

அடுத்த தவறு, மூன்று வேறு பொருள்களை ஒரே பொருளாக நினைத்தது. மருந்துத் தகவல் என்று மொத்தமாகச் சொன்னாலும் மென்பொருளுக்குள் அது மூன்று வேலை செய்கிறது. ஒன்று அகராதி: மருந்தின் பெயர், வலிமை, வடிவம், அடையாள எண். இரண்டாவது சோதனை விதிகள்: ஒவ்வாமை, இடைவினை, டோஸ், சிறுநீரகம், இரட்டிப்பு (ஒரே மருந்தை இரண்டு முறை எழுதிவிடுவது). மூன்றாவது மனிதர் உட்கார்ந்து படிக்கும் குறிப்பு. மூன்றையும் ஒரே இடத்தில்தான் வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. படிக்கும் குறிப்பில் மூவருமே நன்றாக இருந்தார்கள், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அகராதிக்குப் பொதுவில் கிடைப்பதை முதலில் பார்த்தோம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ஆர்எக்ஸ்நார்ம் என்ற மருந்துப் பெயர் அகராதி இருக்கிறது. மாதம் ஒரு முழு வெளியீடு, வாரந்தோறும் சேர்க்கை. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தன் மருந்து அகராதியை வாரம் ஒருமுறை வெளியிடுகிறது. இவற்றைப் படித்துப் பார்ப்பதே பெரிய பாடம். மூலக்கூறு, மூலக்கூறோடு வலிமையும் வடிவமும், அதற்கு மேல் வணிகப் பெயர் என்று அடுக்கு அடுக்காக வைத்திருப்பதைப் பார்த்த பிறகுதான், எங்கள் சொந்த மருந்துப் பட்டியலில் எல்லாமே ஒரே அடுக்கில் குவிந்து கிடப்பது தெரிந்தது.

இடைவினைச் சோதனைக்கும் இலவச வழி ஒன்று உண்டு என்று பழைய கட்டுரைகளைப் பார்த்து நிரல் எழுத உட்கார்ந்தேன். அதே நூலகம் நடத்திய இடைவினைச் சேவை 2024 ஜனவரி 2 அன்றே நிறுத்தப்பட்டுவிட்டது. தேதியைப் பார்க்காமல் உட்கார்ந்ததில் அரை நாள் போனது. அரை நாளோடு போனதும் நல்லதுதான். நோயாளி பாதுகாப்புக்கான ஒரு சோதனை, ஒப்பந்தம் இல்லாத சேவையில் தொங்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் மருந்துகளை வகைப்படுத்தும் ஏடிசி குறியீட்டையே மருந்தின் அடையாள எண்ணாக வைத்துவிடலாம் என்று இரண்டு வாரம் வேலை பார்த்தேன். அது வகைப்படுத்துவதற்கு ஆனது, அடையாளத்துக்கு ஆனதல்ல. ஆஸ்பிரினுக்கு மட்டும் அதில் மூன்று குறியீடு. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்தால் பி01ஏசி06, வலிக்கு என்றால் என்02பிஏ01, வாய்க்குள் பூசும் வகைக்கு ஏ01ஏடி05. குறியீட்டை வைத்து இரட்டிப்பைத் தேடினால், இதயத்துக்கு ஓர் ஆஸ்பிரினும் தலைவலிக்கு இன்னோர் ஆஸ்பிரினும் இரண்டு வேறு மருந்தாகத் தெரியும். அந்த இரண்டு வார நிரலைத் தூக்கிப் போட்டேன்.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. சோதனைக் கோப்பு.

சாதாரண சிஎஸ்வி கோப்புதான், காற்புள்ளியால் பிரித்த அட்டவணை. ஒவ்வொரு வரியும் ஒரு கற்பனை நோயாளி: வயது, எடை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்த அளவு), ஒவ்வாமை, நோய், ஏற்கெனவே எடுக்கும் மருந்து, புதிதாக எழுதும் மருந்து. கடைசி நெடுவரிசையில், டாக்டரும் அக்காவும் எதிர்பார்க்கும் பதில். எச்சரிக்கை வர வேண்டுமா, வரக்கூடாதா, வந்தால் எந்த அளவில். மொத்தம் 64 வரி. இதில் பாதிக்கு எதிர்பார்த்த பதில் "ஒன்றும் வரக்கூடாது" என்பதுதான். வர வேண்டியதை மட்டும் சோதித்தால், எல்லாவற்றுக்கும் கத்தும் தரவுத்தளம் முழு மதிப்பெண் வாங்கிவிடும். இந்த யோசனை டாக்டருடையது. கோப்பு தயாரிக்க 11 நாள் ஆனது. ஏழு மாதத்தில் இதைவிடப் பலன் தந்த 11 நாள் வேறு இல்லை.

சில வரிகளைச் சொல்கிறேன். சிம்வாஸ்டாட்டின் எடுப்பவருக்கு கிளாரித்ரோமைசின், நைட்ரேட் எடுப்பவருக்கு சில்டெனாஃபில், அசாதையோப்ரினோடு அலோபியூரினால்: மூன்றும் கட்டாயம் தடுக்கப்பட வேண்டியவை. எதிர்பார்த்தபடி மூவருமே பிடித்தார்கள். இப்படிப்பட்டவற்றை வைத்து ஒருவரை ஒருவரிடமிருந்து பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டியது ஓரத்தில் இருந்த வரிகள்.

மெத்தோட்ரெக்ஸேட் வரியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒருமுறை எடுக்கும் மருந்து. தவறித் தினமும் எடுத்து உயிர் போனவர்கள் உண்டு. அதனால் கோப்பில் இரண்டு வரி போட்டோம். வாரம் ஒருமுறை 15 மி.கி. என்றால் அமைதியாக இருக்க வேண்டும். தினம் 2.5 மி.கி. என்றால் கத்த வேண்டும். ஒரு சப்ளையரின் டோஸ் சோதனை இரண்டுக்குமே அமைதியாக இருந்தது. ஏன் என்று தோண்டினோம். அது எல்லா டோஸையும் ஒரு நாள் சராசரியாக மாற்றிக்கொண்டு ஒப்பிடுகிறது. தினம் 2.5 என்றால் வாரத்துக்கு 17.5 மி.கி. வாரத்துக்கு 25 வரை கொடுப்பது வழக்கத்தில் உள்ள அளவுதான். ஆக, சராசரிக் கணக்கில் எந்தத் தவறும் தெரியவில்லை. மருந்தின் அளவு சரி, இடைவெளி தவறு. இடைவெளியைத் தனியாகப் பார்க்காத எந்தச் சோதனைக்கும் இந்தப் பிழை கண்ணில் படாது. டோஸ் சோதனை உண்டா என்று மட்டும் கேட்டிருந்தால் உண்டு என்று பதில் வந்திருக்கும், நாங்களும் கட்டத்தில் டிக் போட்டிருப்போம்.

சிறுநீரக வரி இன்னொன்று. 86 வயது, 42 கிலோ எடையுள்ள பெண், கிரியாட்டினின் 1.1. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ஆய்வகம் தரும் ஈஜிஎஃப்ஆர் கணக்கில் ஏறக்குறைய 49 வருகிறது. 1976இல் வந்த காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் எடையையும் சேர்த்துப் போட்டால் 24. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் டாபிகாட்ரான் போன்ற மருந்துக்கு டோஸ் முடிவு செய்வது இரண்டாவது கணக்கை வைத்து. 30க்குக் கீழே இறங்கினால் அந்த மருந்தின் கதையே மாறிவிடும். சப்ளையர்களின் விதியில் "சிறுநீரகச் செயல்பாடு" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. எந்தக் கணக்கு என்று எங்கும் இல்லை. எழுதிக் கேட்டோம். ஒருவர் மறுநாளே மருந்துவாரியாகப் பட்டியல் அனுப்பினார். ஒருவர் ஒன்பது நாள் கழித்து, "உங்கள் மருத்துவக் குழு முடிவு செய்துகொள்ளலாம்" என்று ஒரு வரி அனுப்பினார். பதிலைவிட, பதில் வந்த விதத்தைக் குறித்து வைத்தேன். நாளைக்கு ஒரு தவறைக் கண்டுபிடித்துச் சொன்னாலும் இப்படித்தானே வரும்.

மூவரையும் கோப்பில் ஓட்ட நிரல் எழுதியதற்கு 9 நாள். பைதானும் போஸ்ட்கிரெஸும் போதும். முதல் ஓட்டத்தில் ஒரு சப்ளையர் படுமோசமாக வந்தார். 64இல் 20க்கு மேல் மருந்தே கிடைக்கவில்லை என்றது. கோபமாக ஒரு மின்னஞ்சல் அடித்து, அனுப்பும் முன் அக்காவைப் பார்க்கச் சொன்னேன். அவர் எண்களை எண்ணினார். அந்தச் சப்ளையர் தந்த மாதிரித் தரவில் இருந்தது 11 இலக்க என்டிசி குறியீடு (அமெரிக்க மருந்து அடையாள எண்), ஆனால் எங்கள் கோப்பில் சிலவற்றில் 10 இருந்தது, சிலவற்றில் 9. யாரோ ஒருமுறை எக்ஸெலில் திறந்து சேமித்ததில் முன்னால் இருந்த சுழியங்கள் காணாமல் போயிருக்கின்றன. தவறு முழுக்க எங்களுடையது. அதற்குப் பிறகு அடையாள எண் உள்ள எந்தக் கோப்பையும் எக்ஸெலில் திறப்பதில்லை, எண்ணை எழுத்துத் தொடராகத்தான் சேமிக்கிறோம்.

ஆனால் இந்தத் தவறுதான் மிக முக்கியமான கேள்வியைக் கொண்டுவந்தது. இந்தச் சப்ளையராவது கிடைக்கவில்லை என்று சொன்னார். மற்ற இருவருக்கும் தெரியாத எண் போனால் என்ன ஆகும்? வேண்டுமென்றே 99999999 என்று ஒரு எண்ணை, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினோடு சேர்த்து அனுப்பினேன்.

ஒருவரிடமிருந்து வெற்றி என்ற நிலைக்குறியோடு வெறும் பட்டியல் வந்தது. இரண்டு சதுர அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை. வார்ஃபரினோடு பாராசிட்டமாலை ஒரே ஒரு வேளை கொடுத்தால் என்ன வந்ததோ, அதே பதில். "பார்த்தேன், பிரச்சினை இல்லை" என்பதும் "எனக்கு இந்த மருந்தே தெரியாது" என்பதும் அந்தத் தளத்தில் ஒன்றுதான். எங்கள் திரையில் இரண்டுமே பச்சை டிக்காக வந்திருக்கும். பச்சை டிக்கைப் பார்த்த டாக்டர் மேலே யோசிக்க மாட்டார். அவர் யோசிக்காமல் இருப்பதற்குத்தானே டிக் போடுகிறோம். முன்னால் சொன்னேனே, கையெழுத்து வரை போய் நின்றோம் என்று, அது இவரோடுதான். ஒப்பீட்டுத் தாளில் முதலிடத்தில் இருந்தவர்.

மூன்றாமவரின் பதிலில் இரண்டு பட்டியல் இருந்தது. சோதித்த மருந்துகள் ஒன்றில், சோதிக்க முடியாதவை காரணத்தோடு இன்னொன்றில். எண்ணிக்கையில் இவர்தான் சிறியவர். முடிவு அன்றைக்கே ஏறக்குறைய ஆகிவிட்டது. இருந்தாலும், அனுப்பிய ஒவ்வொரு மருந்தும் இரண்டில் ஒரு பட்டியலில் கட்டாயம் திரும்பி வந்திருக்கிறதா என்று எங்கள் பக்கத்திலும் ஒரு சரிபார்ப்பு வைத்தோம். வரவில்லை என்றால் திரையில் சாம்பல் நிறப் பட்டை, அதில் "இந்த மருந்து சோதிக்கப்படவில்லை" என்ற எழுத்து. டாக்டர் கையால் தட்டச்சு செய்யும் மருந்துகளுக்கும் இதே பட்டைதான்.

அடுத்து இணைப்பு வேலை. எங்கள் பட்டியலில் 2,900 மருந்துகள். பெயர், வலிமை, வடிவம் மூன்றையும் வைத்து நிரல் 2,140ஐப் பொருத்திக் கொடுத்தது. மீதி 760 கையால். நாளுக்கு 40 என்று அக்கா 19 நாள் உட்கார்ந்தார். பாராசிட்டமால் ஓரிடத்தில் அசிட்டமினோஃபென், சல்பூட்டமால் அல்பூடெரால், இதெல்லாம் எளிது. நிரல் பொருத்தியதையும் ஒருமுறை பார்க்கிறேன் என்று அவரே எடுத்துக்கொண்டு பார்த்ததில் 23 தவறு கிடைத்தது. பெரும்பாலும் மெதுவாகக் கரையும் மாத்திரை சாதாரண மாத்திரையோடு பொருந்தியிருந்தது. மெட்ஃபார்மினில் மட்டும் நான்கு. ஒப்பந்தத் தொகையைவிட இந்த இணைப்பு வேலைதான் எங்களுக்குப் பெரிய செலவு, ஆனால் திட்டத்தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் நிழல் ஓட்டம். பழைய மருந்துச்சீட்டுகளைப் பெயர், அடையாளம் எல்லாம் நீக்கி, திரையில் எதையும் காட்டாமல் இரண்டு வாரம் சோதனையை ஓட்டினோம். எல்லா அளவு எச்சரிக்கையையும் திறந்து வைத்தபோது நூறு சீட்டுக்கு 38 எச்சரிக்கை. மருத்துவர்கள் எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மீறிச் செல்கிறார்கள் என்று 2006இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. 38ஐக் காட்டினால் எங்களுக்கும் அதுதான் நடக்கும். குறைக்க வேண்டும்.

நான் ஒரு விதி எழுதினேன். மேலே பூசுவது, கண்ணில் விடுவது போன்ற வழிகளுக்கு இடைவினை, நோய்ச் சோதனை இரண்டும் வேண்டாம். தோலில் தடவும் களிம்பு உடம்பில் எவ்வளவு போய்விடும் என்று நினைத்தேன். எச்சரிக்கை சட்டென்று குறைந்தது, எனக்கு நிறைவாக இருந்தது. வழக்கம்போல 64 வரியையும் திரும்ப ஓட்டினேன். இரண்டு வரி விழுந்தது. ஒன்று, வார்ஃபரின் எடுப்பவருக்கு மைக்கோனசோல் வாய் ஜெல். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது தோலில் பூசுற களிம்பு இல்ல தம்பி. வாய்க்குள்ள தடவுறது, பாதி வயித்துக்குள்ளதான் போகும். வார்ஃபரின் அளவை ஏத்தி ரத்தம் கசிய வச்சிரும்" என்றார். இன்னொன்று, ஆஸ்துமா உள்ளவருக்கு டைமோலால் கண் சொட்டு. கண்ணில் விட்ட துளி மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழலைச் சுருக்கும். இரண்டையுமே கோப்பில் போட்டது அக்காதான். நான் எழுதிய விதி அந்த இரண்டு நோயாளிகளையும் விட்டிருக்கும்.

விதியை அழித்தேன். மொத்தமாக வழியை வைத்து அணைப்பதை விட்டுவிட்டு, அதிகம் வந்த 40 எச்சரிக்கை வகைகளை ஒவ்வொன்றாக டாக்டரும் அக்காவும் பார்த்தார்கள். காட்டலாமா, குறைத்துக் காட்டலாமா, அணைக்கலாமா, ஏன், யார் முடிவு செய்தது என்று எல்லாம் ஒரு பதிவேட்டில். ஆறு மாலை ஆனது. நூறு சீட்டுக்கு 38 இருந்தது 5 ஆயிற்று. சப்ளையர் எச்சரிக்கைக்கு எச்சரிக்கை தனி எண் வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. ஒருவரிடம் எச்சரிக்கை வெறும் வாக்கியமாக வந்தது. வாக்கியத்தை அணைக்க முடியாது, அடுத்த வெளியீட்டில் ஒரு சொல் மாறினால் போயிற்று.

ஒவ்வாமையில் சிக்கல் எங்கள் பக்கம்தான். பழைய பதிவுகளில் "பென்சிலின் ஒத்துக்காது" என்று வெறும் எழுத்தாக இருக்கிறது. எழுத்தை வைத்து எந்தத் தளமும், பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலினைத் தடுக்காது. குறியீட்டுப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால்தான் சோதனை நடக்கும். பழையவற்றை மாற்றும் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒப்பந்தத்தில் விலையைவிட இரண்டு வரிகளுக்கு அதிகம் பேசினோம். ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய மருந்துச்சீட்டுகளில் உள்ள பெயரையும் எண்ணையும் நாங்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. முதல் வரைவில், முடிந்ததும் எல்லாத் தரவையும் அழிக்க வேண்டும் என்று இருந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் நோயாளியின் வரலாறே ஓட்டையாகியிருக்கும். இன்னொன்று, விலக்கப்படும் எண்ணுக்குப் பதில் எண்ணை ஒவ்வொரு வெளியீட்டிலும் தர வேண்டும் என்பது. அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளை வாங்கி வரிக்கு வரி ஒப்பிட்டபோதுதான் இதன் அருமை தெரிந்தது. 31 எண்கள் சத்தமில்லாமல் மறைந்திருந்தன. மாதாமாதம் தொடரும் சீட்டில் அந்த எண் இருந்தால், அந்த நோயாளிக்கு அன்றிலிருந்து சோதனை கிடையாது. விலை விஷயத்தில், அழைப்புக்கு (நம் மென்பொருள் அவர்கள் தளத்தை ஒருமுறை கேட்பதற்கு) இவ்வளவு என்ற கணக்கைத் தவிர்த்து, பயனருக்கு இவ்வளவு என்ற கணக்குக்குப் போனோம். அழைப்புக்குக் காசு என்றால் ஒரு நாள் யாராவது சிக்கனம் பார்த்துச் சோதனையைக் குறைப்பார்கள்.

அடுத்தமுறை செய்வதென்றால் ஒப்பீட்டுத் தாளைத் தொடவே மாட்டேன். முதல் நாளே டாக்டரையும் மருந்தாளுநரையும் உட்கார வைத்து சோதனைக் கோப்பை எழுதுவேன், சப்ளையரோடு முதல் பேச்சுக்கே அதைக் கையில் எடுத்துப் போவேன். மாதிரித் தரவு கேட்கும்போதே இரண்டு வெளியீடு கேட்பேன். 99999999ஐ முதல் வாரத்திலேயே அனுப்புவேன்.

கோப்பு இப்போது 71 வரி ஆகியிருக்கிறது. ஒவ்வொரு வெளியீடு வந்ததும் இரவில் தானாக ஓடுகிறது. ஒரு வரி மாறினாலும் புதிய தரவு உள்ளே போகாது, காலையில் அக்காவுக்குச் செய்தி போகும். நேற்று முதல்முறையாக ஒரு வரி விழுந்தது. குழந்தைக்கான பாராசிட்டமால் சிரப்பின் வலிமையில் 5 மில்லிக்கு 120 மி.கி. என்பது 5 மில்லிக்கு 250 என்று மாறி வந்திருந்தது. காலை 9 மணிக்குச் சப்ளையருக்கு எழுதினோம். மாலைக்குள் திருத்திய கோப்பு வந்தது, ஓட்டினோம், 71 வரியும் சரி.